ஒரு கிழமை மொறிஸ், ஒரு கிழமை வேகன் ஆர்

நாற்பத்தைந்து வயது தாண்டினால் ஆம்பிளையளுக்குச் சீனி வரும், பிரஷர் வரும், பழைய கார் ஆசை வரும். முதல் இரண்டுக்கும் வெள்ளவத்தையில் தடுக்கி விழுந்த இடத்தில் ஒரு டொக்டர் இருப்பார். மூன்றாவதுக்கு மனிசிதான் வைத்தியம் பார்க்கவேணும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருசமும் "திறக்கட்டும், வாங்குவம்" என்று சொல்லிச் சொல்லி நான் 100ஆம் இலக்க பஸ்ஸிலும் ஓட்டோவிலும் காலத்தைப் போக்கினேன். திறந்த கையோடு வரியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் இரண்டு மாதம் பஸ்ஸில் போனேன்.

புதுசு சரிவராது, பழசுதான் என்று முடிவானதும் பழசிலேயே நல்ல பழசாக எடுத்தால் என்ன என்று தோன்றியது. தினமும் வேலைக்கு ஓடவேணும், ஆனால் ஓடுகிற மனுசனுக்குக் கொஞ்சம் சந்தோசமும் இருக்கவேணும். இரவில் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் விளம்பரம் பார்ப்பேன். முதலில் கண்ணில் பட்டது ஹொண்டா எஸ்660. யப்பான்காரன் 658 சீசீ எஞ்சினை நடுவில் வைத்து, கூரையைச் சுருட்டி வைக்கிற மாதிரிச் செய்த விளையாட்டுச் சாமான். மனிசி எட்டிப் பார்த்தாள்.

"இதில எத்தினை பேர் இருக்கலாம்?"

"ரெண்டு பேர்."

"அம்மாவை எங்க வைக்கிறது? டிக்கிக்குள்ளயோ?"

அதற்கு டிக்கி என்று சொல்லக்கூடிய ஒன்று இல்லை என்பதை நான் சொல்லவில்லை. அடுத்த விளம்பரத்துக்குப் போய்விட்டேன்.

கல்கிசையில் இருக்கிற என் பள்ளிக்கூடச் சிநேகிதனிடம் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. அவன்தான் வழி சொன்னான். "மச்சான், ஒரு கிழமை கொண்டுபோய் ஓடிப் பார். பிறகு பழசோ புதுசோ எண்டு முடிவெடு." இதைக் கேட்ட மனிசி, அப்படியென்றால் அதற்கடுத்த கிழமை தன் தம்பியின் வேகன் ஆரை ஓடிப் பார்க்கவேணும் என்று நிபந்தனை போட்டாள். சரி என்றேன். தேர்தல் மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கப் போனேன். திறப்பைத் தர அவனுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. "சோக்கை இழு. ஸ்விட்சைப் போடு. டிக் டிக் எண்டு பெற்றோல் பம்ப் அடிக்கும், அது அடங்குமட்டும் பொறு. பிறகு இந்தக் குமிழைப் பிடிச்சு இழு, ஸ்ராட் வரும். பெரிய லைட்டை மாத்திற பொத்தான் காலுக்குக் கீழ. கார் உருளேக்க முதலாம் கியரைப் போடாத, கத்தும். சிக்னல் எண்டு லைட் இல்லை, கதவுக்குப் பக்கத்துத் தூணிலயிருந்து கை மாதிரி ஒண்டு எழும்பும். எழும்பாட்டி உள்ளுக்கிருந்து தூணில ஒரு குத்து விடு."

"பிரேக்?"

"இருக்கு. முன்னால போறவனைப் பார்த்துப் பிடிக்காத. அவனுக்கு முன்னால போறவனைப் பார்த்துப் பிடி."

பிறகு பொனெற்றின் நடுவால் நெடுக ஓடுகிற தட்டையான பட்டியைத் தடவிக்கொண்டு அதன் கதையைச் சொன்னான். இதை அவன் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. இந்தக் காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸுக்கு மாதிரிக் காரைச் செய்து முடித்த பிறகு அது ஒடுங்கலாகப் பட்டதாம். நெடுக்காக அரிந்து இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் விலக்கியதும் கண்ணுக்குச் சரியாகப் பட, அப்படியே ஒட்டச் சொல்லிவிட்டாராம். அந்த 4 அங்குலம்தான் இந்தப் பட்டி. 1959இல் மினியைச் செய்த மனுசனும் இவர்தான். ஆனால் கொம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு மைனரைக் கண்ணில் காட்டக்கூடாது. உடைத்து அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். 1948இல் சந்தைக்கு வந்த அந்த முட்டைதான் பன்னிரண்டு வருசத்தில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார்.

காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிப்பாட்டினேன். மனிசி பல்கனியால் எட்டிப் பார்த்து, "என்னப்பா, முட்டை மாதிரிக் கிடக்கு" என்றாள். பிரபு குடும்பத்துப் பார்வை.

மாமி கீழே இறங்கி வந்து காரைச் சுற்றி நடந்தார். எதுவும் சொல்லவில்லை. முன்னுக்கு நம்பர் தகட்டில் '1 ஸ்ரீ' என்று சிங்களத்தில் இருந்த இடத்தில் மட்டும் நின்றார். நான் அப்போது அதைத்தான் துணியால் மினுக்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பழைய ஸ்ரீ தகடு இருந்தால் காருக்கு மதிப்புக் கூட என்று சிநேகிதன் சொல்லியிருந்தான்.

"அம்பத்தெட்டில சிங்கள ஸ்ரீ வேண்டாமெண்டு எங்கட அப்பா இந்த எழுத்துக்குத்தான் தார் பூசிப் பொலிசில நிண்டவர்," என்றார் மாமி. "இப்ப மருமகன் துடைக்கிறார். நல்லாத் துடையுங்கோ தம்பி, மூலையில கொஞ்சம் ஊத்தை கிடக்கு."

திங்கட்கிழமை காலை காலி வீதியில் இறங்கினேன். வேகம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. 948 சீசீ, 37 குதிரை, அதுவும் அறுபத்தேழு வருசத்துக் குதிரைகள். ஆனால் காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் ஃபெராரிக்காரனும் 100ஆம் நம்பர் பஸ்ஸுக்குப் பின்னால்தானே ஊரவேணும். வித்தியாசம் என்னவென்றால், ஃபெராரிக்காரனோடு ஒருத்தரும் கதைக்கமாட்டார்கள். என்னோடு முழுக் கொழும்பும் கதைத்தது.

ஓட்டோக்காரர் பக்கத்தில் வந்து "மஹத்தயா, விகுணனவாத?" என்று சிங்களத்தில், விற்கிறீர்களா எனக் கேட்டார். இல்லை, இன்னொருத்தரின் கார் என்றால் அந்த இன்னொருத்தரின் நம்பரைக் கேட்டார். கொள்ளுப்பிட்டியில் எங்கள் கந்தோர் வாசல் காவலாளி, மூன்று வருசமாக என்னை நிமிர்ந்து பாராத மனுசன், நெஞ்சு நிமிர்த்திச் சலூட் அடித்தார். எனக்கில்லை, காருக்கு. செவ்வாய்க்கிழமை பம்பலப்பிட்டிச் சந்தியில் ட்ரபிக் பொலிஸ்காரர் கை காட்டி ஓரம் கட்டச் சொன்னார். லைசன், இன்சூரன்ஸ் எல்லாம் நடுங்கிக்கொண்டு எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. ஜன்னலுக்குள் தலையை விட்டு, தன் தாத்தாவிடம் இதே நிறத்தில் ஒன்று நின்றது, தான் பின் சீற்றில் வாந்தி எடுத்திருக்கிறேன் என்று ஐந்து நிமிசம் கதை சொன்னார். பின்னால் ஹோர்ன் சத்தம் கடல்வரை கேட்டிருக்கும்.

இந்த ஊரில் எல்லோருடைய தாத்தாவிடமும் ஒரு மொறிஸ் மைனர் இருந்திருக்கிறது. எங்கள் தாத்தா சைக்கிளில் போனவர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மழை. அதைப்பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. வைப்பர் மணிக்கூட்டு முள் மாதிரிப் போனது, கண்ணாடி உள்ளுக்குள் புகார் மூடியது, எங்கிருந்தோ ஒரு துளி, சரியாக மனிசியின் இடது தோளில், சந்திக்குச் சந்தி விழுந்தது. கந்தோருக்கு உடுத்தியிருந்தது பட்டுச் சேலை. அவள் ஒன்றும் பேசவில்லை. கைப்பையால் குடையை எடுத்துக் காருக்குள்ளேயே விரித்தாள். அடுத்த லேனில் போன பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை மாமியைப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்துக்கு நடுவில் கார் ஒரு விக்கல் விக்கியது. இன்னொன்று. பிறகு நின்றுவிட்டது. நேரம் மாலை ஆறு மணி. கொழும்பில் கார் நிற்கக்கூடாத இடங்களுக்கு யாராவது பட்டியல் போட்டால் அந்தப் பாலம் முதல் மூன்றுக்குள் வரும்.

பொனெற்றைத் திறந்தேன். திறந்தால் என்ன செய்யவேணும் என்று தெரியாது, ஆனாலும் எல்லோரும் திறக்கிறார்களே. இரண்டு நிமிசத்தில் பதினைந்து பேர். ஒருத்தர் பிளக் என்றார், ஒருத்தர் கொயில் என்றார், ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு வந்த பொடியன் ஒருத்தன் சொவ்ற்வெயாராக இருக்கலாம் என்றான். தள்ளுவம் என்று நாலு பேர் சேட்டுக் கையைச் சுருட்டினார்கள். ஒரு பஸ் கொண்டக்டர் இறங்கி வந்து, திட்டத் தொடங்கி, காரைப் பார்த்ததும் பாதியில் நிப்பாட்டி, "தாத்தாட்ட ஒண்டு நிண்டது" என்றார்.

அப்போது பின் சீற்றிலிருந்து மாமியின் குரல். "தம்பி, ஸ்விட்சைப் போட்டிட்டு ஒருக்காச் சத்தம் போடாம நில்லுங்கோ." போட்டேன். "டிக் டிக் கேக்கேல்லை, என்ன? பம்ப் பிடிச்சுப்போட்டுது. எஞ்சினுக்குப் பின்னால உருண்டையா ஒண்டு இருக்கும், அதுக்குத் தட்டுங்கோ."

"எதால மாமி?"

ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு. மற்றக் கையால் குனிந்து இடது காற் செருப்பைக் கழற்றி ஜன்னலால் நீட்டினார்.

இரண்டு அடி. டிக். டிக் டிக் டிக் டிக். குமிழை இழுத்தேன், எஞ்சின் எடுத்துக்கொண்டது. பாலத்தில் கைதட்டல். பொலிஸ்காரர் சலூட் அடித்திருப்பார், நல்லகாலம் அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் விசயம் வெளியில் வந்தது. மாமா சுன்னாகத்தில் ஹயர் ஓடியது மொறிஸ் மைனராம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துக்கும் இல்லாதபோது, நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் எடுத்துவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்களாம். கலியாண வீட்டு ஹயரும் அப்படித்தான். "பொம்பிளை மல்லிகைப்பூவும் வைச்சு, மண்ணெண்ணெய் மணத்தோடதான் மணவறையில குந்தினவள்," என்றார் மாமி. நான் உருகிப்போனேன். வாக்கு எனக்குத்தான் என்று உறுதியாகிவிட்டது.

"அப்ப மாமி, இப்பிடி ஒண்டை வாங்குவமே?"

"விசரே தம்பி? வேற வழியில்லாம ஓடினனாங்கள். உங்களுக்கு வழி இருக்கு. ஏசி உள்ளதாப் பார்த்து வாங்குங்கோ."

அடுத்த கிழமை வேகன் ஆர். மச்சான் திறப்பைத் தர அரை நிமிசம்கூட எடுக்கவில்லை. திறப்பு என்றும் சொல்லமுடியாது, பொத்தான். "அத்தான், இது 658 சீசீதான், ஆனா உங்கட மொறிசைவிட 15 குதிரை கூட. பெற்றோல் லீற்றருக்கு 20 போகும்." 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டுக்குக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்த காலத்தில், அதிலும் மிச்சம் பிடித்த ஒரே ஆள் இவன்தான். கல்கிசைக்காரன் அதே காலத்தில் மைல் கணக்கான வரிசையில் மொறிசைக் கையால் தள்ளித் தள்ளிப் போனவன். ஸ்ராட் எடுத்தால் வாங்கப்போகிற பெற்றோல் முடிந்துவிடும் என்ற பயம்.

வேகன் ஆரில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் என் குறை. குளிராக இருந்தது. காயாத சேலை இல்லை. பல்பொருள் அங்காடி பார்க்கிங்கில் ஒரே மாதிரி ஐந்து வெள்ளை வேகன் ஆர் நின்றதால் இன்னொருவரின் காருக்குள் மரக்கறி ஏற்றப் பார்த்தேன், அது ஒன்றுதான் சம்பவம். ஓட்டோக்காரர் விற்கிறீர்களா என்று கேட்கவில்லை. காவலாளி குனிந்த தலை நிமிரவில்லை. முழுக் கிழமையும் என்னோடு கதைத்த ஒரே ஆள், காலையில் பொத்தானை அமத்தியதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து யப்பான் பாசையில் ஏதோ சொல்கிற அந்தப் பெண்பிள்ளை. மச்சான் ஆறு வருசமாகக் கேட்கிறான், என்ன சொல்கிறாள் என்று தெரியாது. தேடிப் பார்த்தேன். அதிவேக வீதிக் கட்டண அட்டையைச் செருகவில்லை என்கிறாளாம். யப்பானில் செருகியிருக்கவேண்டிய அட்டைக்கு வெள்ளவத்தையில் ஒவ்வொரு நாளும் கவலைப்படுகிறாள்.

புதன்கிழமை பம்பலப்பிட்டிச் சிக்னலில் நின்றபோது எஞ்சின் சத்தமில்லாமல் செத்தது. என் கை தன்பாட்டில் கதவைத் திறந்தது. ஒரு கால் றோட்டில், ஒரு செருப்பு கையில்.

"அத்தான், என்ன செய்யிறியள்?" பக்கத்திலிருந்த மச்சான் சேட்டைப் பிடித்து இழுத்தான். "நிக்கேக்க அது தானா ஓஃப் ஆகும். பச்சை விழ நீங்கள் பிரேக்கை விட, தானா எடுக்கும்."

பச்சை விழுந்தது. தானாக எடுத்தது. எனக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது.

வாங்கினது வேகன் ஆர்தான். வாக்கு மூன்றுக்கு ஒன்று, மச்சானுக்கு வாக்குரிமை இருந்ததா என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எலுமிச்சம்பழம் நசித்து, தேங்காய் உடைத்து, கதிரேசன் கோயில் வாசலில் பூசை செய்த அன்று பின்னேரம் கல்கிசைக்காரன் போன் எடுத்தான். குரல் சரியில்லை.

"டேய், மொறிசின்ர முன் சீற்றுக்குக் கீழ ஒரு பொம்பிளைச் செருப்பு கிடக்காம். இடது கால். என்ர மனிசி எடுத்து மேசையில வைச்சுக்கொண்டு இருக்கிறாள். நான் என்ன சொன்னாலும் நம்புறாள் இல்லை."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தச் செருப்பை நான் காருக்குள்ளேயே வைத்து ஓடினேன். மாமி வேறு சோடி வாங்கிவிட்டார். போனை மாமியிடம் கொடுத்தேன். அவர் கல்கிசைக்காரனின் மனிசியோடு நீண்ட நேரம் கதைத்தார். சுன்னாகம் வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, மல்லிகைப்பூவும் வந்தது. செருப்பைத் திருப்பி அனுப்பட்டுமா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கவேணும்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் மாமி. "அதை டூல்ஸோட போட்டு வை."