56 கை நட்ஸ் சாப்பிட்டா சாவே கிடையாதாம்

போன வாரம் ஃபேமிலி குரூப்ல பெரியப்பா ஒரு ஃபார்வர்ட் போட்டிருந்தாரு. ஒரு ஹாட் டாக் சாப்பிட்டா ஆயுள்ல 36 நிமிஷம் போச்சு, ஒரு கை நட்ஸ் சாப்பிட்டா 26 நிமிஷம் கூடும்னு. கீழ வழக்கம்போல ரெண்டு கும்பிடு எமோஜி. நான் உடனே கால்குலேட்டர எடுத்துட்டேன், ஒரு நாளைக்கு 1440 நிமிஷம், 26-ஆல வகுத்தா 55 சொச்சம், அப்போ டெய்லி 56 கை நட்ஸ் மென்னுட்டே இருந்தா போற நாள் பூரா திரும்பி வந்துடும், எமன் வாசல் வரைக்கும் வந்துட்டு சும்மா திரும்ப வேண்டியதுதான். இதையே ரிப்ளையா போட்டேன். அவருக்கு சிரிப்பு வரல.

ஆனா அந்த நம்பர் ஒண்ணும் கப்சா இல்ல. 2021-ல மிச்சிகன் யுனிவர்சிட்டிக்காரங்க 5,800-க்கு மேல சாப்பாட்டு ஐட்டத்த எடுத்து கணக்கு போட்டது. கை மாறி கை மாறி வர்றப்போ ஒரு வார்த்தை மட்டும் உதிர்ந்து போச்சு. அவங்க சொன்னது நோய் நொடி இல்லாம இருக்கற நிமிஷம், மொத்த ஆயுள் இல்ல.

இந்த நிமிஷக் கணக்கெல்லாம் எப்படி வருதுன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். பழைய சிகரெட் கணக்கு ஒண்ணு இருக்கு, ஒரு சிகரெட்டுக்கு 11 நிமிஷம்னு, 2000-த்துல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. பிடிக்கறவங்களுக்கும் பிடிக்காதவங்களுக்கும் சராசரியா ஆறரை வருஷ வித்தியாசம், ஒருத்தர் 17 வயசுல ஆரம்பிச்சு 71 வரைக்கும் டெய்லி சுமார் 16 ஊதினா மொத்தம் 3,11,688 சிகரெட், ஆறரை வருஷத்த நிமிஷமாக்கி இதால வகுத்துட்டாங்க, அவ்ளோதான். மீட்டர் ஓடற மாதிரி ஒவ்வொரு தடவ பத்த வைக்கறப்பவும் யாரும் உன் கணக்குல கை வெக்கறதில்ல. வாழ்நாள் பூரா செஞ்ச பழக்கத்த துண்டு போட்டுக் காட்டுறாங்க. கல்யாண வீட்ல ஒரு நாள் ஹாட் டாக் தின்னவன 36 நிமிஷம்னு மிரட்டுறது அதனாலதான் அபத்தம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ரெண்டு அளவு. ஒண்ணு மைக்ரோமார்ட், ஸ்டான்ஃபோர்டுல இருந்த ரொனால்ட் ஹோவர்ட் வெச்ச பேரு, பத்து லட்சத்துல ஒரு பங்கு சாகற சான்ஸ். பிரிட்டன் கணக்குல பைக்ல சுமார் 10 கிலோமீட்டர் போனா ஒரு மைக்ரோமார்ட், அதே கார்னா சுமார் 400 கிலோமீட்டர் போகலாம். இன்னொண்ணு மைக்ரோலைஃப், பிரிட்டிஷ் புள்ளியியல் நிபுணர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் கொண்டு வந்தது, ஆயுள்ல அரை மணி நேரம். வயசுக்கு வந்த ஒருத்தருக்கு மிச்சம் 57 வருஷம்னு வெச்சா அது பத்து லட்சம் அரை மணி, மைக்ரோன்னா பத்து லட்சத்துல ஒண்ணு, அதான் அந்தப் பேரு.

ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கே, அங்கதான் நாம எல்லாரும் கோட்டை விடறோம். பைக்ல போய் முழுசா வீட்டுக்கு வந்துட்டா அன்னைக்கு ஏத்துக்கிட்ட ரிஸ்க் அன்னைக்கே முடிஞ்சுது, மறுநாள் புதுக் கணக்கு. சிகரெட்டும் உப்பும் அப்படி இல்ல, வட்டிக்கு வாங்கின கடன், நேத்து பாக்கி மேல இன்னைக்கு பாக்கி ஏறும். எங்கம்மா நான் வண்டி சாவிய எடுத்தாலே "பாத்துப் போ, பாத்துப் போ"ன்னு கேட் வரைக்கும் வருவாங்க, அதே அம்மா சாப்பாட்டுல ருசி கொஞ்சம் கம்மின்னா கேக்காமலே உப்பு டப்பாவ என் பக்கம் தள்ளுவாங்க. தப்பு சொல்லல, ரோட்ல வருஷத்துக்கு சுமார் 11.9 லட்சம் பேர் சாகறாங்க உலகத்துல. ஆனா 2017-க்குப் போட்ட உலக நோய்ச்சுமை கணக்குல சரியில்லாத சாப்பாட்டால போனவங்க சுமார் 1.1 கோடி, அதுல முன்னாடி நிக்கறதே உப்பு ஜாஸ்தி, முழு தானியம் கம்மி, பழம் கம்மி.

உப்புன்னதும் ஒரு விஷயம். நேத்து ஒரு பிஸ்கட் பாக்கெட்ட திருப்பி, அந்த எறும்பு சைஸ் எழுத்துக்கு மொபைல் டார்ச் அடிச்சுப் பாத்தேன், 100 கிராமுக்கு சோடியம் 400 மில்லிகிராம்னு இருந்துச்சு. சோடியம்னு போட்டா நமக்கு உறைக்காது, 2.5-ஆல பெருக்கணும், அப்போ 1 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற லிமிட் நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ. இனிப்பு பிஸ்கட்டுங்க அது! டீ குடிக்கறப்போ பாதி பாக்கெட் காலி பண்றவ நான்.

பர்சென்ட் கணக்கு இன்னொரு ஏமாத்து வேலை. 2015-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ஹாட் டாக், சாசேஜ் மாதிரி பதப்படுத்தின இறைச்சிய, புற்றுநோய் உண்டாக்கும்னு புகையிலை இருக்கற அதே முதல் பிரிவுல சேத்தாங்க, டெய்லி 50 கிராம் சாப்பிட்டா குடல் புற்றுநோய் ரிஸ்க் 18% ஏறும்னாங்க. உடனே சிகரெட்டும் சாசேஜும் ஒண்ணுன்னு கிளம்பிட்டாங்க. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்ளோ உறுதின்னு சொல்றது, ஆபத்து எவ்ளோ பெருசுன்னு இல்ல. 100 பேர்ல 6 பேருக்கு வர்ற நோய்னு வெச்சா 18% ஏறினா 7 பேரு. அந்த ஏழாவது ஆளுக்கு அது நூறு பர்சென்ட்தான், அது வேற.

சிகரெட் நிஜமாவே வேற லெவல். பிரிட்டன்ல டாக்டர்கள 1951-லேர்ந்து அம்பது வருஷம் ஃபாலோ பண்ணினதுல கடைசி வரைக்கும் பிடிச்சவங்களுக்கு சுமார் 10 வருஷம் போச்சு. 60 வயசுல விட்டவங்களுக்கு 3 வருஷம் திரும்பக் கிடைச்சுது, 50-ல விட்டா 6, 40-ல விட்டா 9. இந்தக் கடன அடைக்கவும் முடியும்னு முதல்ல பாத்தப்போ எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

இதையெல்லாம் குரூப்ல எழுதினதும் பெரியப்பா போனே போட்டுட்டாரு.

"ஏம்மா, உலக சராசரி ஆயுள் 73-ன்றாங்க, எனக்கு 76 ஆச்சு, நான் போனஸ்லயா ஓடிட்டிருக்கேன்?"

அது பிறக்கும்போது போடற சராசரி பெரியப்பா, சின்ன வயசுலயே போயிட்ட குழந்தைங்கள்லாம் அதுல சேத்தி, 76 வரைக்கும் வந்துட்டவங்களுக்கு மிச்சம் தனியா பாக்கணும், இன்னும் பல வருஷம் இருக்குன்னேன். குரல்லயே தெம்பு தெரிஞ்சுது. அப்போ நட்ஸ் டெய்லி சாப்பிடலாம்லன்னாரு, தாராளமா சாப்பிடுங்க, ஒரு கை போதும்னேன்.

இவர் வயசுல நான் பயப்படறது ஹாட் டாக்குக்கு இல்ல. வழுக்கி, தடுக்கி விழறதுல மட்டும் வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் போறாங்க, அதுல வயசானவங்கதான் ஜாஸ்தி. அதான் கேட்டேன், உங்க பாத்ரூம்ல பல்பு போயிருந்துச்சே, மாத்தியாச்சான்னு.

"அதுவா... ஒரு மாசம் இருக்கும்மா. ராத்திரில போன் டார்ச் அடிச்சிட்டுப் போயிக்கறேன்."