தாஜ்மஹால் எபிசோட்ல இருந்து எடுத்த 40 செகண்ட்

"ரோடு ஆக்சிடென்ட்ல செத்தாங்கன்னு அந்தப் பையன் சொல்றது இருக்கலாம், எங்க ஆளுங்க கை போன கதை மட்டும் இருக்கக்கூடாதாம்மா?"

எடிட்டர் அண்ணன் கேட்டது இது. கோவமா கேக்கல, மவுஸ்ல இருந்து கைய எடுத்துட்டு சேர என் பக்கம் திருப்பி, நெஜமாவே பதில் வேணும்னு கேட்டாரு. நானும் ஒரு பதில் சொன்னேன். அது சரியான பதில்தான்னு இன்னிக்கும் நெனைக்கிறேன். ஆனா அவரு கேட்டது அதத்தானான்னுதான் இப்ப வரைக்கும் ஓடிட்டே இருக்கு.

எபிசோட் தாஜ்மஹால் வரலாறு இல்ல, சினிமாலயும் பாட்டுலயும் ஃபோட்டோவுலயும் தாஜ்மஹால் எப்படியெல்லாம் வந்திருக்குங்கிறது. ஸ்கிரிப்ட் என்னோடது. அதுல 2008ல வந்த ஸ்லம்டாக் மில்லியனர் சீன் ஒண்ணு வெச்சிருந்தேன், சின்னப் பையன கைடுன்னு நெனச்சு வெளிநாட்டுக்காரங்க அவன் பின்னாடி வருவாங்க, அவன் பாட்டுக்கு மும்தாஜ் ரோடு ஆக்சிடென்ட்ல செத்துட்டாங்கன்னு அடிச்சு விடுவான், அவங்கள்ல ஒரு அம்மா பிரசவத்துலன்னுல்ல புக்குல போட்டிருக்குன்னு கேட்டா, ஆமா ஆஸ்பத்திரி போற வழியிலதான் ஆக்சிடென்ட்னு சமாளிப்பான். அண்ணன் சொன்னது இந்த சீனத்தான்.

எங்க ஆளுங்க கைன்னு அவரு சொன்னது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கட்டி முடிச்சதும் இன்னொண்ணு இதே மாதிரி யாரும் கட்டிடக்கூடாதுன்னு ஷாஜஹான் வேலைக்காரங்க கைய வெட்டிட்டாருன்னு ஸ்கூல்லயும் சொல்லுவாங்க, பட்டிமன்றத்துலயும் சொல்லுவாங்க. என் ஸ்கிரிப்ட்ல அது இல்ல. ரஃப் கட்ல, அதாவது மொதல்ல தோராயமா ஒட்டிப் பாக்குற வெர்ஷன்ல, அவராவே சேத்திருந்தாரு. மொதல்ல பளிங்குல பதிச்ச பூவோட க்ளோசப், அப்புறம் உளி பிடிச்ச ஒரு வயசானவர் கை, ஸ்டாக் ஃபுட்டேஜ்தான், நகக்கண்ணுக்குள்ள கல்தூசி வெள்ளையா அப்பியிருக்கும், விரல் மடிப்புல வெடிப்பு, அந்தக் கை மேலயே ஷாட்ட நிறுத்தி, தன் குரல்லயே தற்காலிகமா வாய்ஸ் போட்டு, மெதுவா கருப்பாக்கியிருந்தாரு. மொத்த எபிசோட்லயும் நல்லா வந்த இடம் அதுதான். அத நான் அப்பவே அவர்கிட்ட சொன்னேன், சொல்லிட்டுத்தான் எடுத்துருங்கண்ணேன்னேன்.

என் காரணம் ரொம்ப எளிசு. அது நடந்ததுக்கு ஆதாரம் இல்ல. ஷாஜஹான் காலத்து எந்த எழுத்துலயும் இல்ல. 1632ல தாஜ்மஹால் வேலை ஆரம்பிக்குது, அது நடந்துட்டு இருக்கும்போதே 1639ல டெல்லில செங்கோட்டைக்கு அடித்தளம் போடுறாங்க, தாஜ்மஹாலுக்கு முக்கியமான கட்டடக் கலைஞர்னு சொல்லப்படுற உஸ்தாத் அகமது லாஹோரி அங்கயும் வேலை பாக்குறாரு. அடுத்தடுத்து கட்டிக்கிட்டே இருக்குற ஒரு ராஜா கை தேர்ந்த ஆளுங்க கைய எதுக்கு வெட்டப் போறாரு. மாஸ்கோல செயின்ட் பேசில் தேவாலயத்தக் கட்டினவர் கண்ணப் புடுங்கிட்டாங்கன்னு அங்க ஒரு கதை இருக்கு, அதுவும் கதைதான். பெரிய கட்டடம் எங்க இருந்தாலும் இப்படி ஒண்ணு பின்னாடியே வந்துடுது. இதெல்லாம் சொன்னேன். அதோட, இந்தக் காலத்துல இந்தக் கதைய யார் எதுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துட்டு வர்றாங்கன்னும் பாக்கணும்ண்ணேன்னேன், அது கட்டினவங்க மேல இருக்குற பாசத்துல மட்டும் வர்றதில்ல. இந்த இடத்துல எனக்கு இன்னிக்கும் சந்தேகமே கிடையாது.

அப்பதான் அந்தக் கேள்வி. நான் என்ன சொன்னேன்னா, ஸ்லம்டாக்ல பையன் பொய் சொல்றான்னு பாக்குற எல்லாருக்கும் தெரியும், நம்ம வாய்ஸ் ஓவர்ல சொன்னா ஜனங்க உண்மைன்னு எடுத்துப்பாங்கன்னு. சரியான வித்தியாசம்தானே அது? அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எங்கப்பா கொத்தனாரும்மா. அவரு கட்டின எடத்துலயெல்லாம் கல்வெட்டு இருக்கு, தொறந்து வெச்சவர் பேரு இருக்கும், தலைமை தாங்குனவர் பேரு இருக்கும். கை வெட்டுன கதைய எங்கப்பாதான் எனக்குச் சொன்னாரு, ஆதாரம் பாத்தா சொன்னாரு?"ன்னாரு.

நான் அங்க நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல. தாஜ்மஹால்ல ஒரு பேரு இருக்குண்ணே, சுவத்துல இருக்குற குரான் எழுத்தெல்லாம் வடிவமைச்ச அமானத் கான் உள்ள தன் கையெழுத்தையும் வருஷத்தையும் போட்டிருக்காருன்னேன். "அவரு எழுத்துக்காரரு. கல்லு தூக்குனவன் பேரு? நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில்ல பெருந்தச்சன் பேரு கல்லுல இருக்கு, ஆடுன 400 பொண்ணுங்க பேரு இருக்கு, அங்க இருக்கா?"ன்னு கேட்டாரு. தஞ்சாவூர்லயும் கல்லு தூக்குனவங்க பேரு இல்லண்ணேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. சொல்லியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன், எதுல ஜெயிச்சிருப்பேன்னு தெரியல.

அவர்கிட்ட அப்ப சொல்லாம விட்டது வேற ஒண்ணும் இருக்கு. தாஜ்மஹால் கல்லுங்கள்ல கல்தச்சர்கள் போட்ட அடையாளங்கள் இருக்கு, நட்சத்திரம், மீன் மாதிரி சின்னச் சின்னக் குறி, இது யார் செதுக்கின கல்லுன்னு தெரியுறதுக்காக. பேரு இல்ல, ஆனா ஆள் இருக்காரு. அன்னிக்கு ராத்திரி அத வெச்சு 40 செகண்டுக்கு வேற எழுதினேன், அதே கை ஷாட், கருப்பாகுறதுக்குப் பதிலா அந்தக் குறில முடியுற மாதிரி. தெற்கு வாசலுக்கு வெளிய தாஜ் கஞ்ச்னு இருக்கே, மும்தாஜாபாத்துங்கிற பேர்ல தாஜ்மஹாலோட சேத்தே திட்டம் போட்டுக் கட்டின ஊரு, அங்க இன்னிக்கும் பளிங்குல பூ பதிக்கிற வேலை நடக்குது, அதையும் ஒரு வரி சேத்தேன். காலைல ப்ரொட்யூசர் படிச்சுட்டு நல்லா இருக்குன்னாரு, ஆனா குறிக்கு ஃபுட்டேஜ் இல்ல, அதுக்காக ஆக்ரா போக முடியாது, எபிசோட் பிப்ரவரில போகுது, காதல் மூட்லயே இருக்கட்டும், அந்த இடத்துல டயானா பெஞ்ச் போட்டுருங்கன்னு முடிச்சுட்டாரு. 1992 பிப்ரவரில இங்கிலாந்து இளவரசி டயானா தாஜ்மஹால் முன்னாடி பெஞ்ச்ல தனியா உக்காந்து எடுத்துக்கிட்ட அந்த ஃபோட்டோ. 40 செகண்ட் அதுக்குப் போச்சு.

அண்ணன் அத ஒட்டினாரு. ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல.

இதுக்கு நான் பொறுப்பா? பொய்ய எடுத்தேன், அந்த எடத்துல உண்மைய வெக்கப் பாத்தேன், வெக்க விடல. வரிசையா சொல்லிப் பாத்தா என் பக்கம் சுத்தமா இருக்கு. ஆனா முடிவா போன எபிசோட்ல வேலைக்காரங்க ஒருத்தர் கூட இல்ல. பொய்யா இருந்தாலும் 40 செகண்ட் இருந்தாங்க. 20,000 பேர் வேலை பாத்தாங்கன்னு ஒரு வரி வருது, அதுவும் அந்தக் காலத்துல வந்த பிரெஞ்சு வியாபாரி தாவர்னியே எழுதி வெச்ச கணக்கு, அவ்வளவுதான்.

இப்ப அந்த எபிசோட திரும்பப் பாக்கும்போது எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. நான் சேத்து வெச்ச சினிமா எல்லாத்துலயும் தாஜ்மஹால் ஒரே கோணத்துலதான் இருக்கு. 1998ல வந்த ஜீன்ஸ்ல ஏழு அதிசயத்துக்கும் போற அந்தப் பாட்டுலயும் சரி, 1996ல மார்ஸ் அட்டாக்ஸ்ல செவ்வாய்க்காரங்க தாஜ்மஹால் வெடிச்சுச் சிதற அது முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துப்பாங்களே அதுலயும் சரி, 2005ல பண்ட்டி அவுர் பப்ளில அத வெளிநாட்டுக்காரருக்கு விக்கிறாங்களே அதுலயும் சரி, பாக்குறவங்களுக்கு வெளிய நிக்கிற வெள்ளைக் கட்டடம் அது. சமாதி இருக்குற உள்பக்கம் கேமராவுக்கு அனுமதி கிடையாதுங்கிறது ஒரு காரணம். ஆனா மும்தாஜே அதுல இல்லையே. 1631ல புர்ஹான்பூர்ல 14வது பிரசவத்துல செத்துப் போனாங்க, மொதல்ல அங்கதான் அடக்கம், அப்புறம்தான் ஆக்ராவுக்குக் கொண்டு வந்தாங்க. 14 பிரசவம்னு காதல் பாட்டு எதுவும் சொல்றதில்ல. யோசிச்சா அத வாயால சொன்னது ஸ்லம்டாக் சீன்தான், அந்தப் பையன் பொய் சொல்ல அந்தம்மா பிரசவம்னு திருத்துவாங்களே. பொய் சொல்ற சீன்லதான் உண்மை உள்ள வந்துச்சு. அண்ணன் கேட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தோணுது, ஆனா அதுக்காக கை வெட்டுன கதைய உண்மை மாதிரி சொல்லிடலாம்னு என்னால ஒத்துக்க முடியல.

நடுவுல ஒரு வழி இருந்துச்சேன்னும் யோசிப்பேன். "இப்படி ஒரு கதை இருக்கு, உண்மை இல்ல, ஆனா கட்டட வேலை பாக்குறவங்க வீட்ல இத ஏன் சொல்லிக்கிட்டே இருக்காங்க"ன்னு போட்டிருக்கலாம். அண்ணன் வாய்ஸையே கூட வெச்சிருக்கலாம், அவங்கப்பா சொன்னதா. அன்னிக்கு எனக்குத் தோணல, தோணியிருந்தாலும் ப்ரொட்யூசர் விட்டிருக்க மாட்டாரு, அதே காதல் மூட் காரணம்தான். இது சமாதானமா, உண்மையான நெலவரமான்னு பிரிச்சுப் பாக்க முடியல. ஏன்னா நம்ம ஆளுங்க "என்று சொல்லப்படுகிறது"ன்னு போட்டு எத வேணா உள்ள விடுறத பாத்து பாத்து எனக்கு அது மேலயே ஒரு வெறுப்பு உண்டு, அந்த வெறுப்புலதான் நான் கதைய மொத்தமா தள்ளினேன்.

அண்ணன் இப்ப வேற இடத்துல இருக்காரு. போன மாசம் ஃபோன்ல பேசினோம், பொண்ணு காலேஜ் சேந்திருக்குன்னாரு, இந்தப் பேச்சு வரவே இல்ல. அவருக்கு அது ஒரு நாள் வேலையா மறந்தே போயிருக்கலாம். அந்த இடத்துல டயானாவுக்குப் பதிலா என் கல்தச்சர் குறி போயிருந்தா நானும் மறந்திருப்பேன்னுதான் நெனைக்கிறேன், அவரு கேட்ட கேள்விக்கு அப்பவும் பதில் சொல்லாமத்தான் இருந்திருப்பேன்.