குவாத்தபே: பாறை ஏறும் முன் ஏரியைப் பாருங்கள்

கொலம்பியாவின் மெதெயின் நகரத்துக்கு வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் ஒரு நாள் ஒதுக்கி குவாத்தபே போய் வருவார்கள். நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர், மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். தன்னந்தனியாக நிற்கும் பிரம்மாண்டமான பாறை, அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டுகிற வரை ஏரி, பக்கத்திலேயே சுவரெல்லாம் வண்ணம் பூசிய ஒரு சின்ன ஊர். வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது, கூட்டமாக அழைத்துப் போகிற சுற்றுலா வண்டிகளும் நிறைய. நாங்கள் தனி வண்டியும் தனி வழிகாட்டியும் வைத்துக்கொண்டு போனோம். அம்மாவால் பாறை ஏற முடியாது, கூட்டத்தோடு ஓடவும் முடியாது என்பதால்தான் இந்த முடிவு. போய் வந்த பிறகு சொல்கிறேன், அம்மா வராவிட்டாலும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

வழிகாட்டி எல் பெனியோல் ஊர்க்காரர். நாற்பதுகளில் இருக்கும் பெண்மணி, நல்ல ஆங்கிலம், அம்மாவிடம் மட்டும் ஸ்பானிஷிலேயே பேசினார், அம்மா தமிழில் பதில் சொன்னார், இருவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. காலையில் வண்டியில் ஏறியதுமே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாரும் நேராகப் பாறைக்குப் போவார்கள். நாம் முதலில் எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாமா?" சரி என்றோம். அந்த ஒரு சம்மதத்தால் நாளே மாறிப்போனது.

போகிற வழியில் மரினியாவைத் தாண்டித்தான் பாதை பிரிகிறது. கித்தார் செய்வதற்குப் பேர்போன ஊர் அது. சாலையோரக் கடையில் நிறுத்தி, சீஸ் துண்டைச் சூடான சாக்லேட்டில் போட்டு உருக விட்டுச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தார். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மா சாக்லேட்டை மட்டும் குடித்தார்.

அங்கே பார்க்கிற ஏரி இயற்கையான ஏரி இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மின்சாரத்துக்காக நாரே ஆற்றை அணை கட்டி நிறுத்திய நீர்த்தேக்கம். கட்டியது மெதெயின் நகரத்தின் பொதுச்சேவை நிறுவனமான இ.பி.எம். எழுபதுகளில் இரண்டு கட்டமாகக் கட்டி, 1978ல் பழைய எல் பெனியோல் ஊர் முழுவதுமாகத் தண்ணீருக்குள் போனது. தேங்கிய தண்ணீரின் பரப்பு 60 சதுர கிலோமீட்டருக்கு மேல். இங்கிருக்கிற குவாத்தபே மின் நிலையத்தின் திறன் 560 மெகாவாட், அதில் சுழன்ற தண்ணீரே கீழே இன்னும் சில மின் நிலையங்களுக்கும் போய்ச் சேர்கிறது. கொலம்பியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம்தான், அதனால்தான் 1992ல் எல் நினோ வறட்சியில் அணைகள் வற்றியபோது நாடு முழுக்க மாதக்கணக்கில் மின்வெட்டு, வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். இந்த ஏரி அந்த நாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் புரிகிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறேன்.

புதிய எல் பெனியோல் பழைய ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, திட்டம் போட்டுக் கட்டிய ஊர். நேர்த்தெருக்கள், ஒரே மாதிரி வீடுகள். நடுவில் இருக்கிற தேவாலயத்தைப் பார்த்ததும் குழந்தைகள் கத்திவிட்டார்கள், ஏனென்றால் அது பாறை வடிவத்தில் இருக்கிறது. கோபுரம், மணிக்கூண்டு என்று நாம் நினைக்கிற எதுவும் இல்லாமல், பெரிய பாறை ஒன்று ஊருக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது போலத்தான் கட்டியிருக்கிறார்கள். பழைய ஊர், பழைய தேவாலயம் எல்லாம் போன பிறகு, தண்ணீரால் மூழ்கடிக்க முடியாமல் மிஞ்சியது அந்தப் பாறை ஒன்றுதான். புதிய கோயிலுக்கு அதன் உருவத்தையே எடுத்துக்கொண்டது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

அங்கிருந்து ஏரிக்கரை. பழைய ஊர்ச் சதுக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒரு மேட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள், பழைய புகைப்படங்களும் அங்கே இருக்கின்றன. ஒரு படத்தின் முன்னால் வழிகாட்டி ரொம்ப நேரம் நின்றார். ஒரு தெரு, இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவர், ஒரு வீட்டுக்கு மட்டும் கூரையின் பாதி ஓடுகள் இல்லை. ஓடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றிக்கொண்டுதான் குடும்பங்கள் கிளம்பின, அவர் பாட்டி வீட்டுக் கதவு இன்றும் புதிய வீட்டில் இருக்கிறதாம், அளவு பொருந்தாததால் கீழே ஒரு கட்டை வைத்து ஒட்டியிருக்கிறார்களாம். தண்ணீருக்கு நடுவில் உயரமாக ஒரு சிலுவை நிற்கிறது, பழைய தேவாலயம் இருந்த இடத்தைக் காட்டுவதற்காக. படகில் பாட்டைப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் செல்ஃபி எடுக்கிற கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, யாராவது சொன்னால்தானே தெரியும்.

ஏரிக்கரைக்கு வந்ததிலிருந்து அம்மா பேசவே இல்லை. சிலுவையைக் காட்டிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மாத்து நெலம் குடுத்தாங்களான்னு கேளுடி."

கேட்டேன். வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள், ஆனால் ஆற்றங்கரை வயல் போல விளைகிற நிலம் எங்கே கிடைக்கும் என்றார். 1969ல் ஊருக்கும் நிறுவனத்துக்கும் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், அதை நிறைவேற்றச் சொல்லி ஊர்மக்கள் வருஷக்கணக்கில் போராடியதையும் சொன்னார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அம்மாவின் பிறந்த வீட்டுப் பக்கம் பண்ணவாடி. 1934ல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய கிராமங்களில் அவர்களுடைய சொந்தங்களின் நிலமும் உண்டு. அணையில் தண்ணீர் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும், செய்தித்தாளில் படம் வரும், அந்தப் படத்தை அம்மா வெட்டி வைத்துக்கொள்வார். அதை வழிகாட்டியிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் கைபேசியில் நந்தி படத்தையும் சிலுவை படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் கணவரும் குழந்தைகளைத் தண்ணீர்ப் பக்கம் போகாமல் பிடித்துக்கொண்டு நின்றோம். நாற்பது பேர் வண்டியில் வந்திருந்தால் இந்த அரை மணி நேரத்துக்கு இடமே கிடையாது.

இனி பாறை. அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரம், உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,135 மீட்டர். பூமிக்கடியில் குழம்பாக இருந்து இறுகிய கல், சுற்றியிருந்த மண்ணும் மெத்தென்ற கல்லும் கோடிக்கணக்கான வருஷங்களாகக் கரைந்து போக, இது மட்டும் மிஞ்சி நிற்கிறது. பக்கத்தில் போய்க் கையை வைத்துப் பார்த்தால் சொரசொரப்பாக, வெள்ளையும் கறுப்புமாய்ப் பொடிப்பொடியாய் மினுக்குகிறது. ஒரு பக்கம் உச்சியிலிருந்து கீழ்வரை நீளமாய் ஒரு வெடிப்பு. 1954ல் லூயிஸ் எதுவார்தோ வியேகாஸ் என்ற உள்ளூர்க்காரர் நண்பர்களோடு அந்த வெடிப்புக்குள் மரக்கட்டைகளைச் செருகிச் செருகி, அதையே ஏணியாக்கி, ஐந்து நாளில் உச்சிக்குப் போனார். இன்று அதே வெடிப்புக்குள்தான் சிமெண்ட் படிக்கட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மடங்கி மடங்கி ஏறுகிறது.

படிகள் 650க்கு மேல், உச்சியில் இருக்கும் கோபுரத்தையும் சேர்த்தால் 700ஐத் தாண்டும். படிகளில் மஞ்சள் எண்கள் எழுதியிருப்பார்கள். பழனிப் படிகளை ஏறிப் பழகியவர்களுக்கு எண்ணிக்கை பயமுறுத்தாது, ஆனால் இங்கே படி செங்குத்து, காற்றும் மெல்லிசு. நின்று நின்று ஏறுங்கள், பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுத்தினால் சுவரோரம் ஒதுங்கி வழி விடுங்கள். இறங்குவதற்குத் தனிப் படிக்கட்டு இருப்பதால் எதிரே வருகிறவர்களோடு இடிபட வேண்டியதில்லை. அம்மா கீழே கடைப்பக்கம் நிழலில் உட்கார்ந்துகொண்டார், ஓட்டுநர் அவரைப் பார்த்துக்கொண்டார். இதையும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்.

மேலே போனதும் நான் எதிர்பார்த்தது அழகு. அழகு இருக்கத்தான் செய்கிறது, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் எண்ணி மாளாத தீவுகள், விரல் விரலாக நீண்டு நுழைகிற தண்ணீர். ஆனால் காலையில் அந்தப் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு வந்ததால் வேறு ஒன்றும் தெரிந்தது: ஒவ்வொரு தீவும் ஒரு குன்றின் தலை, நீர் நுழைந்திருக்கும் ஒவ்வொரு விரலும் ஒரு பள்ளத்தாக்கு, அதில் வயலும் ஓடையும் மாட்டுப்பாதையும் இருந்திருக்கும். வழிகாட்டி கை நீட்டி, பழைய ஊர் இருந்த திசை, ஆறு வளைந்து ஓடிய திசை என்று காட்டக் காட்ட, அடியில் கிடக்கும் நிலம் கண்முன் வந்தது. பாறைக்கு நேராக வந்திருந்தால் எனக்கு இது வெறும் தபால் அட்டைப் படமாகப் போயிருக்கும்.

உச்சியில் பச்சை மாங்காயை நீளமாகச் சீவி, உப்பும் எலுமிச்சையும் பிழிந்து கோப்பையில் போட்டு விற்கிறார்கள். மிளகாய்ப்பொடி மட்டும்தான் குறை. ஏறி வந்த வாய்க்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது.

பாறையின் ஒரு முகத்தில் பெரிதாக வெள்ளை எழுத்து தெரியும், "ஜி", அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. குவாத்தபே ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரை எழுத ஆரம்பிக்க, பாறை எங்களுடையது என்று எல் பெனியோல் ஊர்க்காரர்கள் திரண்டு வந்து தடுத்துவிட்டார்கள், இரண்டாவது எழுத்து பாதியிலேயே நின்றுவிட்டது. ஊரை இழந்தவர்கள் பாறையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

குவாத்தபே ஊரைப் பற்றி எல்லாரும் நிறைய எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் சிமெண்டில் புடைப்பாக உருவங்கள் செய்து வண்ணம் தீட்டுகிற வழக்கம், அதற்கு சோக்கலோ என்று பெயர், ஆட்டுக்குட்டி, பூக்கள், கழுதையில் பால்கேன் கொண்டு போகிறவர், ரொட்டிக்கடை என்றால் ரொட்டி. ஒரு தெருவில் ஒருவர் தரையில் சாக்குப்பை விரித்து உட்கார்ந்து சூரியகாந்திப் பூவின் இதழ்களுக்கு ஒவ்வொன்றாக மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார், முந்தைய வண்ணங்கள் உரிந்த இடத்தில் நீலமும் சிவப்பும் அடுக்கடுக்காய்த் தெரிந்தன. நம்மூர் ஆட்டோவின் வடிவத்திலேயே மூன்று சக்கர வண்டிகளும் அதே பூ வேலையோடு ஓடுகின்றன. அம்மாவை அதில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டினோம்.

படகு ஏறினால் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். 2017ல் இந்த ஏரியில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி ஒன்பது பேர் இறந்தார்கள். அப்புறம், பப்லோ எஸ்கோபாருக்கு இந்தக் கரையில் ஒரு பண்ணை வீடு இருந்தது, 1993ல் அவருடைய எதிரிகள் குண்டு வைத்துத் தகர்த்தார்கள், அந்த இடிபாட்டைக் காட்டுகிற படகுகளும் உண்டு. நாங்கள் போகவில்லை. எங்கள் வழிகாட்டியின் தலைமுறை அந்த ஆளாலும், அதற்குப் பின்னால் இந்தப் பக்கமெல்லாம் நடந்த சண்டையாலும் பட்டது போதும், அதைக் காசு கொடுத்து வேடிக்கை பார்க்க எனக்கு மனமில்லை.

சாப்பாட்டுக்கு டிரவுட் மீனைப் பூண்டு போட்டுச் சமைத்து, தட்டையாக நசுக்கிப் பொரித்த வாழைக்காயோடு தருவார்கள், அருமையாக இருக்கும். சைவம் என்றால் சிவப்பு பீன்ஸ், சோறு, அவகாடோ, அரேபா என்கிற மக்காச்சோள ரொட்டி. ஆனால் கவனம், பீன்ஸைப் பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பதுதான் இங்கே வழக்கம். எங்கள் வழிகாட்டி காலையிலேயே கடைக்குப் போன் செய்து அம்மாவுக்குத் தனியாக வேகவைக்கச் சொல்லிவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டாம், கொலம்பியாவில் நிறைய விடுமுறைகள் திங்கட்கிழமைக்கு மாற்றப்படுவதால் அந்தத் திங்களும் வேண்டாம், படிக்கட்டில் நிற்க இடம் இருக்காது. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, மற்ற மாதங்களில் பிற்பகல் மழையை எதிர்பார்த்து, காலையிலேயே பாறை ஏறி முடித்துவிடுங்கள், ஈரப்படி வழுக்கும். சின்னக் கடைகளுக்கு பெசோவைப் பணமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தனி வண்டி ஒரு ஆளுக்கு அதிகம், நான்கைந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். பதிவு செய்கிறபோதே இரண்டு விஷயம் கேளுங்கள்: வழிகாட்டி எந்த ஊர்க்காரர், எல் பெனியோலில் நிறுத்துவீர்களா. எங்கள் வழிகாட்டியைப் போல அந்த மண்ணின் ஆளாகக் கிடைத்தால், கொஞ்சம் கூடுதல் பணம் கேட்டாலும் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.