டேக் தம்பியின் காலில், பெட்டி எங்கள் ஹாலில்

மறியலில், அதாவது சிறையில், இருக்கும் ஒருவரைக் கொஞ்சம் முன்னதாக விட்டு, காலில் டேக் என்ற மின்னணுப் பட்டியைக் கட்டி, இரவில் வீட்டைவிட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ளும் முறை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஹோம் டிடென்ஷன் கர்ஃபியூ, சுருக்கமாக ஹெச்டிசி. உள்ளே இருப்பவருக்கு இதை விளக்க ஆளிருக்கிறது. அவர் வந்து தங்க வீட்டைக் கொடுக்கிறவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பிக்கு 2023இல் ஒரு கார் விபத்து வழக்கில் 16 மாதச் சிறை என்று தீர்ப்பானது. அந்த மாதிரித் தண்டனைக்கு அப்போது பாதிக்காலம்தான் உள்ளே, மிச்சம் லைசன்ஸில், அதாவது நிபந்தனைகளோடு, வெளியே. ஹெச்டிசி கிடைத்தால் கால்வாசி முடிந்ததும், அதாவது 4 மாதத்திலேயே வரலாம். எத்தனை நாள் முன்னதாக விடலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு: ஆரம்பத்தில் 60 நாள், அப்புறம் 90, 135, 2023 ஜூனில் 180, 2025இல் ஒரு வருடம். அரசாங்கத்துக்கு மனம் இளகிவிட்டது என்று நினைக்காதீர்கள், சிறைகளில் இடமில்லை.

தம்பி எங்கள் முகவரியைக் கொடுத்தான். வெளியே வருகிறவர்களைக் கண்காணிக்கும் புரொபேஷன் அலுவலகத்திலிருந்து போன் வரும் என்று சொல்லியிருந்தார்கள், எப்போது என்று சொல்லவில்லை. நம்பர் தெரியாமல்தான் வரும், அந்த நாட்களில் எந்த அழைப்பையும் விடாமல் எடுங்கள். வீட்டில் யார் யார், சின்னப் பிள்ளைகள் உண்டா, அவர் வருவது எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்டார்கள். போலீசிடமும் விசாரிப்பார்கள். இந்த விசாரணை இழுபட்டதால் வரவேண்டிய தேதி தாண்டியும் அவன் உள்ளேயே இருந்தான், கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. போக வீடே இல்லாதவர்களுக்கு அரசே இடம் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு, உள்ளே இருக்கும்போதே கேட்க வேண்டும்.

விட்ட அன்று குறித்த நேரத்துக்குள் அவன் வீட்டில் இருக்க வேண்டும், டேக் கட்டுகிறவர்கள் நள்ளிரவுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நாங்கள் தூங்கி விழும் நேரத்தில் ஒருவர் வந்தார். கணுக்காலில் பட்டி, அதோடு ரப்பர் மாதிரியான சின்னக் கட்டி, குளிக்கலாம் பிரச்சினையில்லை. டேக் வீட்டுக்குள் இருக்கிறதா என்று கண்காணிக்கும் பெட்டியை ஹாலில் ப்ளக்கில் போட்டுவிட்டு, தம்பியை குசினி, மாடி அறைகள், பாத்ரூம் என்று ஒவ்வொரு இடமாக நடக்கவைத்து சிக்னல் பிடிக்கிறதா என்று பார்த்தார். பின்வளவு கணக்கில் இல்லை. அது அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கோடையில்தான் விளங்கியது: இரவு 9 மணிக்கும் வெளிச்சம், நாங்கள் எல்லோரும் வளவில் கோழி சுடுகிறோம், அவன் குசினிக் கதவுக்கு உள்பக்கம் தட்டோடு நிற்கிறான். மழை தூறினால் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்கக்கூட அவனைக் கூப்பிட முடியாது.

மாலை 7 முதல் காலை 7 வரை என்பது வழக்கமான நேரம், வேலைக்காக மாற்றிக் கேட்கலாம். கோயில் தேர் பகலில், போனான். கல்யாண ரிசப்ஷன், பிறந்தநாள் எல்லாம் மாலையில், ஒன்றுக்கும் போகவில்லை. சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்பது வேறு தலையிடி, "நைட் ஷிப்ட்" என்று சமாளித்தோம்.

ஒருநாள் அம்மா பெட்டியின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு ரைஸ் குக்கரைப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் டேக்கைக் கண்காணிக்கிறவர்களிடமிருந்து போன். தம்பிக்குக் கை நடுங்கியது. அவன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று நான் விளக்கியதும் குறித்துக்கொண்டார்கள், அதோடு போனது. "சோறு காய்ச்ச ஒரு ப்ளக் வேணுமல்லோ பிள்ளை" என்பது அம்மாவின் கட்சி. அன்றிலிருந்து அந்த ப்ளக்கின்மேல் தமிழில் 'தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். இப்படி ஏதும் நடந்தால் அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள், தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஆனால் எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது பெட்டியோ போனோ இல்லை. வீட்டைக் கொடுத்தவர்கள் சம்மதத்தை விலக்கிக்கொண்டால், வேறு முகவரி கிடைக்காவிட்டால், அவனைத் திரும்ப உள்ளே கொண்டுபோகலாம். இது எனக்கும் என் கணவருக்கும் தம்பிக்கும் தெரியும். இவருக்கும் அவனுக்கும் ஹீட்டிங் விஷயத்தில் வாய்த்தர்க்கம் வந்தபோது தம்பி ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமல் மேலே போய்விட்டான். அத்தானோடு சரிக்குச் சரி நின்று சண்டை பிடிக்கிறவன் அவன். இவரும் அதற்குப் பிறகு அவனோடு குரல் உயர்த்தவில்லை, எனக்கோ "கோப்பையைக் கழுவி வை" என்று சொல்லவே யோசனையாக இருந்தது. போனில் சம்மதமா என்று கேட்டபோது இதெல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறார்கள் என்று யார் நினைத்தது?

கடைசி நாளில் ஆள் வந்து பட்டியை வெட்டி, பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார், ஐந்து நிமிட வேலை. டேக் போனாலும் 16 மாதம் முடியும்வரை லைசன்ஸ் ஓடும், புரொபேஷன் கூப்பிடுகிற நாளில் போயே ஆக வேண்டும், தவறினால் திரும்ப உள்ளே போகவேண்டி வரலாம். வாகனம் ஓட்டத் தடை இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு, தீர்ப்புக் கடிதத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.