கூட்டாத கொல்லை

அக்டோபர் 22, ஐப்பசி

விடியலில் கதவைத் திறந்தால் திண்ணையில் ஒரு பறவை. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. பச்சை முதுகு, கண்ணோடு சேர்த்துக் கட்டிய கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமம் கொட்டினாற்போல் சிவப்பு. வால் இருக்கிறது என்று பேருக்குச் சொல்லலாம். ஆறுமணிக் குருவி! பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். இமயத்து அடிவாரம் வரையுள்ள வடக்கத்திக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்துக்கு நம் பக்கம் வருகிற பறவை. பறக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தது. பூனையை அறையில் அடைத்தேன். காபி ஆறுவதற்குள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டது.

பறவை பார்க்க வடுவூர் ஏரிக்குப் போக வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் அரை மணி நேரம்தான்.

அக்டோபர் 27

போன வருடம் செய்த தவறை எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது. ஆனி மாதம் மதிலுக்கு வடக்கே நல்ல வெயில் அடித்தது. அங்கேயே பாத்தி கட்டிச் செவ்வந்தி வைத்தேன். மார்கழியில் செடி நெட்டையாக வளர்ந்து, பூக்காமல் நின்றது. நாற்றுக்காரரைத் திட்டினேன். பாவம், அவர்மேல் குற்றமில்லை. ஆனியில் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போகிறது, மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்கிறது. பத்தடி மதிலுக்கு அப்போது உச்சிவேளையிலேயே வடபக்கம் கிட்டத்தட்ட ஏழடி நிழல் விழும். பனிக்காலத் தோட்டத்தை வெயில் காலத்தில் திட்டமிட்டால் இப்படித்தான்.

இந்த முறை செவ்வந்தியும் டிசம்பர் பூவும் தெற்கே. வடக்கு மூலையில் புங்கனும் மாவும் நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் ஐந்து தென்னையைச் சாய்த்த இடத்தில் நட்ட புங்கன் அது. அதன் அடியில் இனி எந்தச் செடியும் நடப்போவதில்லை. இலை உதிரட்டும், கிடக்கட்டும்.

நவம்பர் 19, கார்த்திகை

மூன்று நாளாக விடாத மழை. நம் களிமண் தண்ணீரைக் குடிக்காது, ஏந்திக்கொண்டு நிற்கும். பாத்தியை ஓரடி உயர்த்தியதால் செவ்வந்தி வேர் தப்பியது. வடிகிற தண்ணீரெல்லாம் ஈசான மூலைப் பள்ளத்தில் சேர்கிறது. மண்ணடித்து மூடிவிடலாம் என்று கொத்தனார் சொன்னார், வேண்டாம் என்றேன். இரவெல்லாம் தவளைக் கச்சேரி. கொசு வருமே என்று அத்தை பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் வாய்க்கால் நிரம்பி வழிந்தபோது கெண்டைக் குஞ்சுகள் தாமாகவே பள்ளத்துக்குள் வந்துவிட்டன. கொசுப்புழுக்களை அவை பார்த்துக்கொள்ளும்.

டிசம்பர் 20, மார்கழி

பரங்கிக் கொடியில் இன்று ஒன்பது பூ. எதிர்வீட்டு அக்கா விடிவதற்குள் ஏழு பூவைப் பறித்துக்கொண்டு போய்விட்டார், கோலத்துச் சாணத்தில் வைக்க. கேட்டால் "பெருமாளுக்குத்தானே" என்கிறார். பறிப்பதில் எனக்கு வருத்தமில்லை. மெல்லிய நீளக் காம்பு இருந்தால் ஆண்பூ, அடியில் கோலிக்குண்டு போல் பிஞ்சு தெரிந்தால் பெண்பூ. ஆண்பூவில் இரண்டையாவது விட்டுவைத்தால்தான் தேனீ மகரந்தம் கொண்டுபோகும், பிஞ்சும் நிற்கும். வெயில் ஏறினால் பூ வாடிவிடும், தேனீக்குக் கிடைப்பது அந்தக் காலை நேரம்தான். மீதமிருந்த பூவில் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு தேனீ உடம்பெல்லாம் மஞ்சள் அப்பிக்கொண்டு, எழ முடியாமல் வழுக்கி வழுக்கி விழுந்தது.

முற்றிய தண்டுக்கீரையைப் பிடுங்காமல் விட்டதில் விதை தின்னச் சில்லைக் குருவிகள் வருகின்றன. குளிர்நாட்டுக்காரர்களும் பனிக்காலத்தில் விதைக்கதிரை வெட்டாமல் பறவைக்கு விட்டுவைப்பார்களாம். அவர்களுக்கு அது பூ முடிந்த காலம், நமக்குப் பூத்துக் குலுங்குகிற காலம். அவர்களுடைய தோட்டப் படங்களைப் பார்த்து ஏங்குவதை விட்டுவிட்டேன்.

ஜனவரி 3

புங்கன் அடியில் அது! கிணற்றடியில் அசையாமல் நின்றேன். ஒரு தத்து, ஒரு நிறுத்தம். அலகால் மாவிலையைப் புரட்டியது, அடியில் ஒன்றுமில்லை. அடுத்த இலையில் மண்புழு. பாதி வெளியே வந்ததும் மீதி மண்ணைப் பிடித்துக்கொண்டது. குருவி காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தது. விழுங்கியபின் வால் மெதுவாக ஏறி இறங்கியது, அடிபம்பின் கைப்பிடி போல.

மாலை ஆறு மணி சுமாருக்கு இரண்டு சுரத்தில் சீட்டி. அத்தை உடனே விளக்கேற்றப் போனார். ஆனால் காலையானால் துடைப்பத்தோடுதான் நிற்கிறார். "இது வீடா, காடா? வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" வாசலிலிருந்து கிணற்றடி வரை கண்ணாடி போல் பெருக்கித் தருகிறேன், அதற்கு அப்பால் துடைப்பம் வரக்கூடாது என்று ஒப்பந்தம். செங்கல்லை வரிசையாகச் சாய்த்துப் பதித்து எல்லையும் கட்டினேன். எல்லை கட்டியதும் குப்பை பாத்தி போல ஆகிவிட்டது. அத்தைக்கே பாதிச் சமாதானம்.

ஜனவரி 13, போகி

போகியை மறந்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால் தம்பி மகன் செங்கல் வரிசைக்குள் இருந்த சருகையெல்லாம் வாரி வாசலில் எரித்துக்கொண்டிருக்கிறான். "உங்களுக்கு வேலை மிச்சம் அத்தை!" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். எட்டு வயதுப் பிள்ளையை என்ன சொல்வது? வெறும் மண் தெரிந்தது. நான்கைந்து மரவட்டைகள் வெயிலில் சுருண்டு கிடந்தன.

ஜனவரி 16, தை

இரண்டு நாளாகக் கொல்லையில் சீட்டி இல்லை. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து தாளுக்கிடையில் முளைத்திருக்கிறது. வயலிலிருந்து திரும்பும் வழியில் கோயில் நந்தவனத்தில் கூட்டி வைத்திருந்த சருகை இரண்டு சாக்கு கேட்டு வாங்கி வந்தேன். குருக்கள் விசித்திரமாகப் பார்த்தார். தம்பி மகனையே கொட்டிப் பரப்பச் சொன்னேன்.

மாலை 6.10. குரல் கேட்டது, ஆனால் பக்கத்து வீட்டு மூங்கிலிலிருந்து. அவர்கள் மூங்கிலடியைக் கூட்டுவதே இல்லை.