கொப்பி கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்

எங்கள் மாமிக்குப் புற்றுநோய்க்கான கீமோ ஏற்றத் தொடங்கிய பிறகு களுவாஞ்சிகுடி வீட்டில் ஆட்களுக்குக் குறையே இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவது சின்ன மச்சான், சமைப்பது மச்சாள், இரவில் பக்கத்தில் படுப்பது மாமியின் தங்கச்சியான சின்ன மாமி, லண்டனிலிருந்து காசு அனுப்பிவிட்டு ஆளாளுக்குப் போன் எடுத்து விசாரிப்பது பெரிய மச்சான். எல்லோருக்கும் மாமி மேல் உயிர். ஆனால் டொக்டர் சொன்னது சின்ன மச்சானோடு நின்றுவிடும், ராத்திரி மாமி பட்டபாடு சின்ன மாமியோடு நின்றுவிடும்.

இது லேசான விஷயமில்லை. கீமோ ஏற்றினால் இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும், பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள்தான் மிகவும் கீழே போகும், அந்த நேரம் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டாலே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், விடியட்டும் என்று பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தால் அது காய்ச்சலை மறைத்துவிடும். சரி, இது யாருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்? ராத்திரி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவருக்குத்தானே? 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கப்போவதும் அவர்தான்.

அதனால் இப்போது மாமியின் கட்டில் பக்கத்தில் ஒரு கொப்பி கிடக்கிறது. காய்ச்சல், வாந்தி, சாப்பாடு, எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, எல்லாவற்றையும் பார்த்தவரே எழுத வேண்டும். கிளினிக்குக்குப் போகிறவர் அதைக் கையோடு கொண்டுபோய், டொக்டரோ மிஸியோ சொல்வதை அங்கேயே எழுதி, விளங்கியது சரிதானா என்று அவர்களிடமே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வர வேண்டும். மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நோவுக்கு மோர்பின் எழுதியிருந்தால் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். "போதை மருந்து, பழகிவிடும்" என்று பயந்து யாராவது ஒரு நேரத்தை விட்டிருந்தால், அல்லது இடையில் நாட்டு மருந்து கொடுத்திருந்தால், ஒளிக்காமல் அதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் டொக்டர் எதை வைத்து அடுத்த அளவைத் தீர்மானிப்பார்?

பக்கத்து அறையில் நின்று குசுகுசுப்பதையும் விட்டுவிட்டோம். கொப்பியை மாமியும் வாசிக்கிறார். போன கிழமை சின்ன மாமி "இடியப்பம் சாப்பிட்டா" என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, "ரெண்டு வாய்தான், வாய் முழுக்கப் புண்" என்று தானே எழுதினார். அடுத்த கிளினிக்கில் டொக்டர் முதலில் பார்த்தது அவருடைய வாயைத்தான்.