சிசிடிவியும் தொலைபேசியும் ஒரே லைனில்: வன்னியில் ஒரு கூட்டாய்வு

ஒரு பல்கலைக்கழகமும் ஒரு வலையமைப்பு நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வில் நான் முதுதத்துவமாணி மாணவியாக இருந்தேன். ஆய்வேடு கையளித்தாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் படிக்கிற தம்பி, தங்கைகள் சிலர் "கொம்பனியோட சேர்ந்து ரிசேர்ச் செய்யிறது எப்பிடி அக்கா?" என்று விடாமல் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. நிறுவனத்தின் பெயரையும் என் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஒப்பந்தம் அப்படி. அதோடு, கீழே கொஞ்சம் குறையும் சொல்ல இருக்கிறது.

வவுனியாவில் தலைமைக் காரியாலயமும், கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு ஆகிய இடங்களில் கிளைகளும் உள்ள ஒரு கடன் வழங்கும் அமைப்பு. அதன் வலையமைப்பைப் பராமரிப்பது நான் சொன்ன நிறுவனம். கணக்கு மென்பொருள், ஐபி தொலைபேசி, கமரா வீடியோ, மேலதிகாரிகளின் வீடியோக் கூட்டம் எல்லாமே ஒரே லைனில் போகும். ஏ9 வீதியை ஒட்டிய கிளைகளுக்கு ஃபைபர் இருந்தது. மற்றவை 4ஜி ரவுட்டரில் ஓடின. காலையில் வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் தொலைபேசியில் குரல் வெட்டி வெட்டி வரும். பெரும்போக அறுவடை முடிந்து விவசாயிகள் கடன் கட்ட வரும் மாசி, பங்குனியில் கேட்கவே வேண்டாம். வாடிக்கையாளரைக் கவுண்டரில் வைத்துக்கொண்டு, தலைமைக் காரியாலயத்தோடு "ஹலோ ஹலோ" என்று கத்துவார்கள்.

நிறுவனத்தின் பதில், "லைன் பாதிகூட நிரம்பவில்லை" என்பது. அவர்களுடைய வரைபடம் அதைத்தான் காட்டியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கருவிகளைத் தூரத்திலிருந்து விசாரிக்கும் எஸ்என்எம்பி முறை வழியாக, எவ்வளவு தரவு போனது என்று எண்ணும் ரவுட்டரின் கவுண்டரை வாசித்து, சராசரி போட்டுக் கோடு வரைகிற முறை அது. 1990களில் எம்ஆர்டிஜி என்ற வரைபடக் கருவி பரப்பிய பழக்கம், இன்றும் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒரு பத்துச் செக்கன் லைன் முட்ட நிரம்பி, மிச்ச நேரம் சும்மா கிடந்தால் சராசரி அழகாகத்தான் இருக்கும். பேசிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பத்துச் செக்கன்தான் கணக்கு.

ஆய்வுக் கேள்வி இப்படிச் சுலபமாகக் கிடைத்தது. கையொப்பங்கள்தான் கிடைக்கவில்லை.

புரிந்துணர்வு உடன்படிக்கை துறைத் தலைவரிடமிருந்து பீடாதிபதிக்கும், அங்கிருந்து மூதவைக்கும், பிறகு பேரவைக்கும் போக வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் மாதத்துக்கு ஒன்று. நிகழ்ச்சி நிரல் மூடிய மறுநாள் கடிதம் போனால் அடுத்த மாதம்தான். நிறுவனத்தின் சட்டப் பிரிவு கொழும்பில் இருந்தது. அவர்கள் திருத்திய பிரதி வந்தால் சுற்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதில் எனக்குப் பிடிபட்ட ஒரு வழி: உடன்படிக்கையில் பொதுவான வசனங்களை மட்டும் வைத்துவிட்டு, வேலை விபரத்தை இணைப்பாகப் போடுங்கள். இணைப்பை இரு பக்க மேற்பார்வையாளர்களும் கையொப்பமிட்டு மாற்றலாம் என்று ஒரு வரி இருந்தால், பேரவை வரை திரும்பப் போகத் தேவையில்லை.

வெளியீடு பற்றிய வாசகம் இன்னொரு பெரிய இழுபறி. "நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியின்றி எதுவும் பிரசுரிக்கக் கூடாது" என்று முதல் பிரதியில் இருந்தது. என் மேற்பார்வையாளர் சேர் பொதுவாக எதற்கும் தலையாட்டுகிறவர். அன்றைக்கு மட்டும் அசையவே இல்லை. கட்டுரையை முன்கூட்டியே அனுப்புவோம், குறித்த காலத்துக்குள் ஆட்சேபனை வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம் என்று மாற்றினார். பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று எழுதாத ஒப்பந்தத்தில் மாணவர் யாரும் கையொப்பமிட வேண்டாம். பதில் வராமலேதான் போகும்.

தரவு கேட்டபோது இன்னொரு கதவு மூடியது. ரவுட்டர் எழுதிவைக்கும் நெட்ஃப்ளோ என்ற போக்குவரத்துப் பதிவில் உள்ளடக்கம் இருக்காது. ஆனாலும் எந்தக் கணினி முகவரி எந்த முகவரியோடு எப்போது எவ்வளவு பேசியது என்பது இருக்கும். ஒரு சின்னக் கிளையில் நாலு பேர் வேலை செய்தால், எந்தக் கணினி யாருடையது என்று ஊகிக்க விஞ்ஞானம் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, நிறுவனம் தயங்கியது. தயக்கத்தில் பாதி சட்டம். மறுபாதி, தங்கள் வலையமைப்பின் ஓட்டைகள் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் என்பது என் அபிப்பிராயம். ஒழுக்கநெறிக் குழுவும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டது. கடைசியில் முகவரிகளை முன்னொட்டு மாறாமல் மறைக்கும் கிரிப்டோ-பான் முறையைப் பாவித்தோம். ஒரே கிளையின் கணினிகள் மறைத்த பிறகும் ஒரே குழுவாகத் தெரியும், ஆனால் உண்மை முகவரி தெரியாது. மறைக்கப் பாவித்த சாவி நிறுவனத்திடமே இருந்தது. அவர்களுடைய சேர்வரில் மறைத்த பிறகுதான் பிரதி எனக்கு வரும். இந்த ஏற்பாட்டை எழுதிக் கொடுத்த பிறகு இரு பக்கமும் சத்தமில்லாமல் சம்மதித்தன.

இனி உண்மையான வேலை. குரலை எண்களாக்கும் ஜி.711 குறியாக்கத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பொதி (பக்கெட்) அனுப்பும். பொதியின் முகவரி போன்ற தலைப்புகளையும் சேர்த்தால் ஒரு திசைக்குச் செக்கனுக்கு 80 கிலோபிட் அளவு. பத்து அழைப்பும் ஒரு மெகாபிட்டை எட்டாது. ஆனால் ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) ஜி.114 பரிந்துரை சொல்கிறது. தொலைபேசிக்கு லைனில் இடம் கொஞ்சம் போதும், காத்திருக்கத்தான் முடியாது. ஆகவே நாங்களும் 20 மில்லிசெக்கன் இடைவெளியில் சின்னப் பொதிகளை அனுப்பி, ஐஆர்டிடி என்ற திறந்தமூலக் கருவியால் அளந்தோம். இரு முனைக் கடிகாரங்களையும் 4ஜி வழியாக நம்பகமாக ஒத்துப்போக வைப்பது கஷ்டம் என்பதால், போய்வரும் நேரம் வெறும் லைனில் எவ்வளவு, சுமையில் எவ்வளவு கூடுகிறது என்பதையே எடுத்துக்கொண்டோம்.

ஃபைபர் உள்ள மாங்குளத்திலும் 4ஜி உள்ள புதுக்குடியிருப்பிலும் ஒரே கதைதான். கமராப் பெட்டி பதிவுகளை வவுனியாவுக்கு மேலேற்றத் தொடங்கியதும், பொதிகள் காத்துநிற்கும் ரவுட்டரின் பஃபர் நிரம்பும். ஒரு மெகாபைட் பஃபர், 2 மெகாபிட் மேலேற்ற வேகம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள்: வரிசை காலியாக நாலு செக்கன். மாரி காலத்தில் இடி மின்னலோடு மின்சாரம் போய் வந்தால் இன்னும் மோசம். கமராப் பெட்டி தேங்கிய பதிவை ஒரே மூச்சில் அனுப்பப் பார்க்கும், அதே நேரம் தொலைபேசிகள் எல்லாம் திரும்பப் பதிவுசெய்ய முயலும்.

பொதிகளை முக்கியத்துவப்படி வகைபிரிக்கும், 1998இல் வந்த டிஃப்சேர்வ் முறைப்படி குரல் பொதிகளுக்கு 46 என்ற முன்னுரிமை இலக்கம் போட்டுத்தான் இருந்தது. வேறொருவருடைய இணையத்துக்குள் நுழைந்ததும் அதைப் பூச்சியமாக்கிவிடுகிறார்கள். அதனால் வரிசையை எங்கள் ரவுட்டருக்குள்ளேயே பிடித்து வைக்க வேண்டும். லைன் தரும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக நாமே கட்டுப்படுத்தினால் முடியும். அதோடு, ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் உள்ள எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை முறை. பத்து மூட்டை நெல்லோடு தராசில் நிற்பவருக்கு நடுவே, ஒரு கிலோ அரிசி வாங்க வந்தவரை அனுப்பிவிடுகிற மில்காரர் மாதிரி அது. ஃபைபர் கிளைகளில் இது உடனே வேலை செய்தது. 4ஜியில் வேகமே மணிக்கு மணி மாறும். நிலையான எல்லை போட்டால் ஒருநேரம் வீண், இன்னொரு நேரம் பயனில்லை.

இங்கேதான் சேருக்கும் நிறுவனத்துக்கும் இடையில் நான் மாட்டிக்கொண்டேன். சேர் மென்பொருள் வரையறுத்த வலையமைப்பு வேண்டும் என்றார். மத்தியில் கட்டளையிடும் ஒரு கட்டுப்பாட்டாளர் மென்பொருள், கிளைகளில் அந்தக் கட்டளையை எடுத்துக்கொள்ளும் ஓப்பன்ஃப்ளோ முறை. ஒரே கணினிக்குள் போலி வலையமைப்பை உருவாக்கும் மினிநெட் ஆய்வுகூடச் சூழலில் நன்றாக ஓடியது. ஆனால் கிளையில் இருந்த மலிவு ரவுட்டர்களுக்கு அது தெரியாது. லைன் கெட்டுப்போகும் நேரத்தில் கட்டுப்பாட்டாளரோடு பேசவும் அதே லைன்தான் வேண்டும்.

முல்லைத்தீவுப் பக்கக் கிளைகளைப் பார்க்கும் தொழில்நுட்ப அண்ணை ஒருவர், ஒட்டுசுட்டானில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"பிள்ளை, நீங்கள் பட்டம் எடுத்துக்கொண்டு போன பிறகு இதை ஆர் பாக்கிறது?"

"நீங்கள்தான் அண்ணை."

"அப்ப எனக்கு விளங்கிற மாதிரிச் செய்து தாங்கோ."

அதுக்குப் பிறகு வடிவமைப்பை மாற்றினோம். எந்தச் சேவைக்கு எவ்வளவு தாமதம் தாங்கலாம் என்பதை வவுனியாவில் எழுதி, ஒரு சின்னக் கோப்பாகக் கிளைக்கு அனுப்புவோம். அமல்படுத்துவது கிளை ரவுட்டரில் உள்ள ஸ்கிரிப்ட். தாமதம் கூடினால் வேக எல்லையைக் குறைக்கும், தணிந்தால் மெல்ல ஏற்றும். மையத்தோடு தொடர்பு அறுந்தாலும் கடைசியாக வந்த கோப்போடு ஓடும். முடிவெடுக்கும் இடமும் நிறைவேற்றும் இடமும் வேறு என்ற எண்ணம் புதிதல்ல, 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2753இலேயே இருக்கிறது. மாறும் 4ஜி லைனில் அது எப்படி நடந்துகொள்கிறது என்ற அளவீடுதான் எங்கள் பங்களிப்பு. சேருக்கு முதலில் மனமில்லை. அளவீட்டைப் பார்த்த பிறகு ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயமே அதுதான் என்றார்.

குரல் வெட்டுவது நின்றதா? பெரும்பாலும் நின்றது. டவரே நெருக்கடியில் இருக்கும் நேரத்தில் எங்கள் ஸ்கிரிப்டால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரங்களில் கமரா மேலேற்றத்தை முழுதாக நிறுத்தி இரவுக்குத் தள்ளுகிறோம். அண்ணை கோப்பில் உள்ள எண்களைத் தானே மாற்றத் தொடங்கிவிட்டார். ஒருமுறை மேலதிகாரியின் வீடியோக் கூட்டத்தைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார். வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்.

கட்டுரையை நிறுவனத்துக்கு அனுப்பினோம், எதிர்பார்த்தபடி பதில் இல்லை, காலக்கெடு முடிந்ததும் மாநாட்டுக்கு அனுப்பினோம். இரண்டாம் கட்டம் வேண்டும் என்று இப்போது அவர்களே கேட்கிறார்கள். புதிய உடன்படிக்கை பேரவையின் அடுத்த நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. எந்தக் கவுண்டரை எத்தனை செக்கனுக்கு ஒருமுறை வாசிக்கலாம் என்பதையும் இந்த முறை இணைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.